பக்கத்து வீட்டில் அடி விழுகிறது: சங்கம் என்ன செய்யலாம்?

வட சென்னையில் சங்கம் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காசிமேட்டில் மீனவர் சபை, வியாசர்பாடியில் கால்பந்து கிளப், ராயபுரத்தில் அன்பியம் (கத்தோலிக்கர்களின் தெருக் குழு), ஓட்டேரிப் பக்கம் ஜமாஅத், கொருக்குப்பேட்டையில் படிப்பகம், கேரம் கிளப், எல்லா இடத்திலும் மகளிர் சுய உதவிக் குழு. தண்ணீர் லாரி வராவிட்டாலும், சாக்கடை பொங்கினாலும், ஒரு வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து நிற்பவர்கள் இவர்கள்தான். ஆனால் மனைவியை அடிக்கும் சத்தம் கேட்டால் மட்டும், "புருசன் பொண்டாட்டி சண்டை, நமக்கு இன்னாத்துக்கு?" என்று அதே ஆட்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். சத்தம் தாங்க முடியாமல் போனால் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பஞ்சாயத்து பேசி அனுப்புகிறார்கள்.

இந்த இரண்டாலுமே அந்தப் பெண்ணுக்குப் பயன் இல்லை. தீர்ப்பு சொல்லும் வேலையைச் சங்கம் விட்டுவிட்டு, அந்தப் பெண்ணுக்குக் கூட நிற்கும் வேலையை எடுத்துக்கொண்டால் நிறைய செய்யலாம். பெரிய பணமோ சட்டப் படிப்போ தேவையில்லை. எப்படி என்பதைப் பார்ப்போம்.

எதெல்லாம் குடும்ப வன்முறை?

அடி மட்டும் இல்லை. 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நான்கு வகையைச் சொல்கிறது: உடல் வன்முறை, பாலியல் வன்முறை, சொல்லாலும் மனதாலும் வதைப்பது, பொருளாதார வன்முறை. கடைசியாகச் சொன்னதைத்தான் நம் ஆட்கள் வன்முறையாகவே கணக்கில் எடுப்பதில்லை. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் அந்தப் பெண்ணின் கணக்கில் விழும், ஏ.டி.எம். கார்டு கணவனின் சட்டைப் பையில் இருக்கும். நகையை அடகு வைப்பது, வேலைக்குப் போக விடாமல் தடுப்பது, சாப்பாட்டுக்குப் பணம் தராமல் பட்டினி போடுவது எல்லாம் இந்தச் சட்டத்துக்குள் வரும்.

கணவன் மனைவிக்கு மட்டும் உரிய சட்டமும் இல்லை இது. குடிக்கக் காசு கேட்டுத் தாயை அடிக்கும் மகன், தங்கையை அடைத்து வைக்கும் அண்ணன், விதவை மருமகளைத் துரத்தும் மாமியார் வீடு என எல்லோர் மீதும் மனு போடலாம். எதிர்மனுதாரர் வயதுவந்த ஆணாக மட்டுமே இருக்க வேண்டும் என்றிருந்த கட்டுப்பாட்டை 2016-இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. பதிவு செய்யாமல், தாலி கட்டாமல் குடும்பமாகச் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. வீட்டை எதிர்த்து வந்து குடித்தனம் நடத்துகிறவர்கள் நம் பகுதியில் நிறைய இருப்பதால் இதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

எத்தனை பேருக்கு நடக்கிறது? 2019–21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். இந்தியா முழுவதற்கும் அது 29.3 சதவீதம். இருபது பேர் உட்காரும் சுய உதவிக் குழு ஒன்றை நினைத்துப் பாருங்கள்; அதில் ஏழெட்டுப் பேர். வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் நாடு முழுவதும் 14 சதவீதம்தான் என்றும், 77 சதவீதம் பேர் யாரிடமும் வாயே திறக்கவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. "எங்க ஏரியால அப்படி எதுவும் இல்ல" என்று ஒரு தலைவர் சொன்னால், அவரிடம் யாரும் சொல்லவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குடியைப் பற்றி ஒரு வார்த்தை. "டாஸ்மாக்கை மூடினா எல்லாம் சரியாயிடும்" என்பது நம் தெருக்களில் தினமும் கேட்கிற பேச்சு. குடி அடியை மோசமாக்கும், சந்தேகமே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் விசைப்படகுத் தொழிலாளிக்கு வருமானம் இருக்காது, வீட்டில் உரசலும் கூடும். ஆனால் போதை தலைக்கேறிய அதே ஆள் படகு முதலாளியை அடிப்பதில்லை, ரோந்து வரும் எஸ்.ஐ.யை அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து மனைவியைத்தான் அடிக்கிறான். யாரை அடித்தால் கேள்வி வராது என்பது போதையிலும் அவனுக்குத் தெரிகிறது. குடியை நிறுத்த வைத்தியம் பார்க்கட்டும், நல்லதுதான். அது முடியும்வரை அந்தப் பெண் காத்திருக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

பஞ்சாயத்து ஏன் கெடுக்கிறது?

நல்ல எண்ணத்தில்தான் வைக்கிறார்கள். ஆனால் அங்கே நடப்பதைப் பாருங்கள். கணவன், மாமியார், ஊர்ப் பெரியவர்கள், வேடிக்கை பார்க்க நாலு பேர். இத்தனை பேருக்கு நடுவில் அந்தப் பெண் என்ன பேசுவார்? படுக்கையறையில் நடக்கும் கொடுமையைச் சொல்ல முடியாது. சொன்னால் ராத்திரி என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். கணவனோ தெளிவாகப் பேசுவான்: "தப்புதாண்ணே, கோவத்துல கை நீட்டிட்டேன். அவளும் வாய் அதிகம்ணே." பெரியவர்கள் நடுநிலை என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் புத்தி சொல்வார்கள். அடித்தவனுக்கும் அடி வாங்கியவருக்கும் ஒரே புத்திமதி கிடைத்தால், பாதித் தப்பு அடி வாங்கியவர் தலையில் ஏறிவிடும்.

சில இடங்களில் அபராதம் போடுவார்கள். ஐயாயிரம் ரூபாய் கட்டு என்று தீர்ப்பு வரும். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? அதே வீட்டு அரிசிக் காசிலிருந்து, இல்லாவிட்டால் அவர் கம்மலிலிருந்து. கூட்டம் கலைந்து, வீட்டுக் கதவு சாத்தியதும், "சபையில என் மானத்தை வாங்கிட்டல்ல" என்று ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இருப்பதில்லை. அடுத்த முறை அவர் சங்கத்திடம் வரவும் மாட்டார்.

கோயில், சர்ச், பள்ளிவாசல் எதுவானாலும் இதே சிக்கல்தான். "பொறுத்துப் போம்மா, அவருக்காக ஜெபம் பண்ணு" என்று சொல்லி அனுப்புவது பாதி இடங்களில் பழக்கமாகிவிட்டது. சட்டத்திலும் ஆலோசனைக்கு இடம் உண்டு, மாஜிஸ்திரேட்டே அதற்கு உத்தரவிடலாம். ஆனால் அடித்ததை நியாயப்படுத்திப் பேச ஆலோசகர் இடம் தரக் கூடாது என்பதுதான் அங்கே விதி. நம் பஞ்சாயத்துகள் இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பாதிப் பஞ்சாயத்து நடக்காது.

முதல் பேச்சு

தண்டையார்பேட்டையில் ஒரு மகளிர் குழு என்று வைத்துக்கொள்வோம். வாரக் கூட்டத்துக்கு ஒரு பெண் முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு வருகிறார். கண்ணுக்குக் கீழே கன்னிப்போயிருக்கிறது. தவணைப் பணமும் கொண்டுவரவில்லை.

"இன்னாம்மா கண்ணுல?"

"ஒண்ணும் இல்லக்கா. பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன்."

இந்த இடத்தில் எல்லோர் முன்னாலும் "பொய் சொல்லாத, அடிச்சானா?" என்று கேட்டால் முடிந்தது. சொன்னதை ஏற்றுக்கொண்ட மாதிரி விட்டுவிட வேண்டும். அப்புறம் ரேஷன் கடை வரிசையிலோ, பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்பும்போதோ, தனியாக: "நான் கேக்கறேன்னு இல்ல. எப்பனா பேசணும்னா என்னாண்ட பேசு. நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன்." அன்றைக்கே பேசுவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒரு மாதம் கழித்து வரலாம், ஒரு வருடம் கழித்தும் வரலாம்.

பேச ஆரம்பித்தால், முதலில் கேட்க வேண்டும். நம்புகிறோம் என்று சொல்ல வேண்டும். "அடிச்சது அவன் தப்பு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; அவர் வாழ்க்கையில் இதை ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "நீ இன்னா பண்ணே?" வேண்டாம். "புள்ளைங்களுக்காகப் பொறுத்துக்க" வேண்டாம். "இப்பவே வுட்டுட்டு வந்துடு" என்பதும் வேண்டாம். கடைசியாகச் சொன்னது வீரமாகத் தோன்றும், ஆனால் அதுவும் அவர் முடிவை நாம் பிடுங்கிக்கொள்வதுதான். கிளம்பப் போகிறார் என்று தெரியும் நேரத்திலும் கிளம்பிய சில வாரங்களிலும்தான் உயிருக்கு ஆபத்து அதிகம். எப்போது, எப்படிக் கிளம்புவது என்பது அந்த வீட்டுக்குள் இருப்பவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அவர் சம்மதம் இல்லாமல் கணவனிடம் யாரும் பேசப் போகக் கூடாது. "நான் அவனாண்ட ஒரு வார்த்தை சொல்றேன்" என்று கிளம்பும் அண்ணன்மார்கள்தான் அதிக சேதத்தை உண்டாக்குகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ரகசியத்துக்கு ஒரு விலக்கு உண்டு, அதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிட வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பாலியல் கொடுமைக்கு ஆளாவது தெரியவந்தால், போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். பதினேழு வயதில் கட்டிக்கொடுத்த பெண்ணும் இதில் அடக்கம். குழந்தைகள் உதவி எண் 1098.

எப்போது பதற வேண்டும்?

எல்லா அடியும் தப்புதான். ஆனால் சில அறிகுறிகள் கொலைக்கு முன்னால் வருபவை. முதலாவது, கழுத்தை நெரிப்பது. வெளியில் தடமே தெரியாமல் இருக்கலாம். குரல் கம்மினாலோ எச்சில் விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு தடவை கழுத்தை நெரித்தவன் பின்னால் கொல்லவும் துணியலாம் என்பதை உலகெங்கும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கர்ப்பமாக இருக்கும்போது அடிப்பது, கத்தியைக் காட்டுவது, மண்ணெண்ணெயை ஊற்றி மிரட்டுவது, போகும் இடமெல்லாம் பின்தொடர்வது, அடி வரவர அடிக்கடி விழுவது இவையும் அப்படித்தான்.

தீயை நம் ஊரில் தனியாகச் சொல்ல வேண்டும். "ஸ்டவ் வெடிச்சிடுச்சு" என்று கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்குப் போகும் பெண்களின் கதை சென்னையில் யாருக்கும் புதிதில்லை. 2001-இல் சென்னையில் தொடங்கிய பி.சி.வி.சி. அமைப்பு குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களோடும், குறிப்பாகத் தீக்காயத்தோடு உயிர் பிழைத்த பெண்களோடும் வேலை செய்கிறது. உங்கள் சங்கம் சிறியது என்றால் இப்படிப்பட்ட அனுபவசாலிகளிடம் பேசிவிட்டுத் தொடங்குவது நல்லது.

அந்தப் பெண்ணே "செத்துடலாம் போல இருக்கு" என்று சொன்னால் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 104 அரசு மருத்துவ உதவி எண்ணுக்கோ தற்கொலைத் தடுப்புக்கான சினேகா அமைப்புக்கோ (044-24640050) பேச வைக்க வேண்டும். அன்றைய ராத்திரி அவரைத் தனியாக விடக் கூடாது.

பாதுகாப்புத் திட்டம்

சங்கத்தால் செய்ய முடிந்த மிகப் பெரிய உதவி இது என்பேன். சட்ட விதிகளிலேயே இதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது. ஆனால் படிவத்தை விட, இரண்டு பெண்கள் உட்கார்ந்து யோசிப்பதுதான் வேலைக்கு ஆகும்.

வீட்டில் சண்டை எந்த இடத்தில் தொடங்குகிறது? சமையலறையா? அங்கே கத்தியும் அடுப்பும் இருக்கின்றன. சத்தம் ஏறும்போது வாசல் பக்கம் நகர்ந்துவிட முடியுமா? ஒரே அறை உள்ள வாரியக் குடியிருப்பில் அது நடக்காது. அப்படியானால் வாசல் கதவைத் தாழ் போடாமல் வைத்துக்கொள்வது, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுவது. ஒரு சங்கேதம் வேண்டும். பெரிய பிள்ளை கீழ்வீட்டுக்கு ஓடிவந்து "அத்தே, அம்மா தோசை மாவு கேட்டாங்க" என்றால், மாவு எடுக்கப் போகக் கூடாது, அவசர உதவி எண் 112-ஐ அழைக்க வேண்டும். இதைக் கீழ்வீட்டு அத்தையிடம் முன்னாடியே பேசி வைத்திருக்க வேண்டும்.

ஒரு பிளாஸ்டிக் கவர். அதில் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் நகல்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, ஒரு கல்யாணப் போட்டோ, தினமும் சாப்பிடும் மாத்திரை, கொஞ்சம் பணம், வீட்டு மாற்றுச் சாவி. பத்திரிகையும் போட்டோவும் எதற்கு என்று கேட்பீர்கள். கல்யாணத்தைப் பதிவு செய்யாத வீடுகளில் நாளைக்குக் கோர்ட்டில் அவைதான் பேசும். இந்தக் கவர் அவர் வீட்டில் இருக்கக் கூடாது. அம்மா வீட்டிலும் வேண்டாம், கணவன் முதலில் தேடுவது அங்கேதான். குழுவில் நம்பகமான ஒருவரிடம் இருக்கட்டும்.

போனை மறந்துவிடாதீர்கள். கணவன் வாங்கித் தந்த போன், அவன் போட்டுத் தந்த கூகுள் கணக்கு. யாரிடம் பேசினார், எங்கே போனார் எல்லாம் அவனுக்குத் தெரியும். முக்கியமான எண்கள் நாலைந்தை மனப்பாடம் செய்ய வேண்டும், அல்லது வேறு பெயரில் ஒரு சீட்டில் எழுதி வைக்க வேண்டும். சங்கத்திலிருந்து வாட்ஸாப்பில் "எப்படி இருக்கே, நேத்து அடிச்சானா?" என்று அனுப்புவது தீயில் எண்ணெய் ஊற்றுகிற வேலை.

அக்கம்பக்கத்துக்கும் ஒரு வேலை உண்டு. அடி விழும் சத்தம் கேட்டால், தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போய்க் கதவைத் தட்டி, "யக்கா, தண்ணி லாரி வந்துடுச்சா?" என்று கேட்கலாம். சண்டையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். கதவு தட்டும் சத்தத்துக்கே பல கைகள் இறங்கும். ஆயுதம் இருக்கிறது என்று தெரிந்தால் தட்டப் போகாமல் 112-ஐ அழையுங்கள்.

ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், சமூக நலத் துறை

நம் பகுதிக்கு ஸ்டான்லி, கர்ப்பிணி என்றால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை. அங்கே அவசரப் பிரிவில் டாக்டர் கேட்டு எழுதுவது ஏ.ஆர்., அதாவது விபத்துப் பதிவேடு. "எப்படி அடிபட்டது?" என்ற கேள்விக்குப் பக்கத்தில் கணவன் நிற்கும்போது "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லிவிட்டால், அதுதான் பதிவாகும். இரண்டு வருடம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் காகிதத்தைத்தான் நீட்டுவார். கூடப் போகும் சங்கத்துப் பெண், டாக்டரிடம் அவர் தனியாகப் பேச வழி செய்ய வேண்டும். யார் அடித்தது, எதால் அடித்தது என்பது எழுதப்பட வேண்டும். ஏ.ஆர். போட்டால் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும் என்பதையும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். தெரியாமல் போய் மாட்டிக்கொண்டதாக அவர் நினைக்கக் கூடாது. ஏ.ஆர். காப்பி கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் எண்ணையாவது குறித்துக்கொள்ள வேண்டும்.

நாட்டுக்கே முன்னோடியாகத் தமிழ்நாட்டில் பேசப்படுபவை அனைத்து மகளிர் காவல் நிலையங்கள். மாநிலத்தின் முதல் நிலையம் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. அங்கே போனாலும் பல நேரம் நடப்பது என்னவோ ஒரு பஞ்சாயத்துதான்: இருவரையும் வரவழைத்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவது. அதனால் புகாரை எழுத்தில், இரண்டு பிரதியாகக் கொண்டு போங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். "சமாதானமாகப் போகிறோம்" என்று எழுதியிருக்கும் காகிதத்தில், படித்துப் பார்க்காமல், விருப்பம் இல்லாமல் கையெழுத்துப் போடத் தேவையில்லை என்று அவருக்கு நினைவுபடுத்துங்கள்.

ஒரு சட்ட நுணுக்கம். கணவனோ அவன் உறவினரோ செய்யும் கொடுமைக்கான குற்றப் பிரிவு முன்பு 498ஏ என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு. மூன்று ஆண்டு வரை சிறை. இந்தப் புகாரை அந்தப் பெண்ணோ அவருடைய உறவினர்களோ கொடுக்க வேண்டும். சங்கம் தன் பெயரில் கொடுப்பது எடுபடாது. ஆனால் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்ல எண்ணத்தில் தந்தால் தந்தவர் மீது வழக்கு வராது. "நாளைக்கு எங்க மேல கேஸ் போட்டுட்டா?" என்று பயப்படும் செயலாளர்களுக்கு இந்தப் பிரிவைக் காட்டுங்கள். தகவல் தருவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் கேட்டுவிடுங்கள் என்பதை மறுபடி சொல்கிறேன்.

பாதுகாப்பு அலுவலர் சமூக நலத் துறையைச் சேர்ந்தவர். சென்னை மாவட்டத்துக்கு ராஜாஜி சாலையில் ஆட்சியர் அலுவலகமான சிங்காரவேலர் மாளிகைக்குப் போக வேண்டும். வண்ணாரப்பேட்டையிலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாமல் போய்விடலாம். கையில் காசில்லாமல் வீட்டை விட்டு வந்தவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. பாதுகாப்பு அலுவலர் குடும்ப நிகழ்வு அறிக்கை என்ற படிவத்தை நிரப்பி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் மனு போட்டால் வழக்கமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும், அதனால் இடைக்கால உத்தரவை முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

என்னென்ன கேட்கலாம்? கிட்டே வரக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, செலவுக்குப் பணம், பிள்ளைகளின் பொறுப்பு, இழப்பீடு, வீட்டில் இருக்கும் உரிமை. கடைசி உரிமையைப் பலர் நம்புவதே இல்லை. வாரிய வீடு மாமியார் பெயரில் ஒதுக்கீடு ஆகியிருந்தாலும், வாடகை ஒப்பந்தம் கணவன் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்க அவருக்கு உரிமை உண்டு. மாமனார் மாமியாருக்குச் சொந்தமான வீடும் இதில் வரலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தேவைப்பட்டால் கணவனையே வெளியேறச் சொல்லி உத்தரவிட முடியும். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்றால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100.

ராத்திரி எங்கே தங்குவது என்ற கேள்வி வந்தால் 181 மகளிர் உதவி எண். அவர்கள் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசின் சகி மையத்தோடு இணைப்பார்கள். அங்கே ஐந்து நாள் வரை தங்கலாம். மருத்துவம், காவல், சட்டம், மனநல ஆலோசனை எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே ஏற்பாடு செய்வார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் காப்பகம்.

சங்கத்துக்குள்ளே

எல்லோரும் இந்த வேலையைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. இரண்டு பேர் போதும், இருவரும் வாய் இறுகியவர்களாக இருக்க வேண்டும். ஒரு நோட்டு, பூட்டு உள்ள அலமாரி. நோட்டில் தேதியும், அவர் சொன்னதும், நாம் செய்ததும். பெயருக்குப் பதில் ஒரு எண். குழு வாட்ஸாப்பில் பெயரோ போட்டோவோ போகக் கூடாது. விழாவில் மேடையேற்றி "எங்க சங்கம் காப்பாத்துன பெண்" என்று சால்வை போடுவதும் இதே தப்புதான்.

அவர் மறுபடி அந்த வீட்டுக்கே போவார். திரும்ப வருவார், திரும்பப் போவார். "இத்தனை செஞ்சும் அவனாண்டயே போயிட்டா, இனிமே நம்மகிட்ட வரட்டும் பாத்துக்கறேன்" என்று கோபம் வரும். வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடம், தங்கையின் கல்யாணம், பாசம் என்று அவருக்கு ஆயிரம் கணக்கு இருக்கும். கதவைத் திறந்தே வைத்திருங்கள், அவ்வளவுதான்.

மகளிர் குழுக்களுக்கு ஒன்று. அவர் பெயரில் வாங்கிய கடனைக் கணவன் எடுத்துக்கொண்டு, தவணை கட்ட முடியாமல் போனால், குழுவே அவர் வீட்டு வாசலில் போய்க் கத்துகிறது. அன்று ராத்திரி அடி விழுவதற்கு அந்தக் கத்தல் ஒரு காரணம். தவணைக்கு வாசலில் போய் நிற்பதில்லை என்று முதலில் தீர்மானம் போடுங்கள், பிறகு வன்முறை ஒழிப்புப் பேரணி போகலாம்.

இன்னொரு தர்மசங்கடம்: அடிப்பவர் சங்கத்தின் பொருளாளராகவே இருந்தால்? இருப்பார்கள். அதற்கு விதியை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்: புகார் வந்தால், அந்தப் பெண் சம்மதித்த நேரத்தில், அடித்தவர் பொறுப்பிலிருந்து விலக வேண்டும், அந்த வழக்கைச் சங்கத்துக்கு வெளியே உள்ளவர்கள் பார்க்க வேண்டும். ஆள் தெரிந்த பிறகு விதி எழுத உட்கார்ந்தால் நடக்காது. கால்பந்து, கேரம் கிளப்புகளில் பையன்களிடம் இந்த விதியைப் படித்துக் காட்டினாலே, இந்த இடத்தில் எது செல்லாது என்று அவர்களுக்குப் புரிந்துவிடும்.

சில ஆண்டு அனுபவம் வந்த பிறகு, பதிவு பெற்ற சங்கமாக இருந்தால், குடும்ப வன்முறைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவில் சேவை வழங்குநராக மாநில அரசிடம் பதிவு செய்துகொள்ளலாம். குறைந்தது மூன்று ஆண்டு இந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். பதிவு கிடைத்தால், அந்தப் பெண் விரும்பினால், குடும்ப நிகழ்வு அறிக்கையைச் சங்கமே எழுதி அனுப்பலாம், மருத்துவப் பரிசோதனைக்கும் தங்குமிடத்துக்கும் ஏற்பாடு செய்யலாம். அதுவரை, ஒரு முறை சிங்காரவேலர் மாளிகைக்குப் போய்ப் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்து, நம் பகுதிக்குப் பக்கத்தில் எந்தச் சேவை அமைப்பு, எந்தக் காப்பகம் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். திருவொற்றியூர், மணலி, எண்ணூர்க்காரர்கள் 2018-இலிருந்து சென்னை மாவட்டத்தில்தான் வருகிறார்கள். மீஞ்சூர், அத்திப்பட்டு என்றால் இன்னும் திருவள்ளூர் மாவட்டம். ஆனால் அங்கிருந்து தப்பி வந்து ராயபுரத்தில் அக்கா வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருக்கிறார் என்றால், ராயபுரத்துக்கு உரிய நீதிமன்றத்திலேயே அவர் மனு போடலாம்.